எல்லையோரத்து வீடுகளில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்வது: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தமிழ் வீடுகளுக்குப் பாலியேட்டிவ் (நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை) குழுவோடு பத்து வருஷமாகப் போய்வருகிறேன். புதிதாக மாற்றலாகி வரும் நர்ஸுகளுக்கு நம் பேச்சைச் சொல்வதும், அவர்கள் சொல்வதை வீட்டாருக்குச் சொல்வதும்தான் ஆரம்பத்தில் என் வேலை. அதற்கு முன்னால் ஏழு வருஷம் என் மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த அதே சந்தேகங்களைத்தான் இன்றைக்கும் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

"ஏனுங்க, அப்பாரு நல்லாத்தான் நடக்கறாரு. எப்ப இருந்து கவனிக்கோணும்?"

நடை நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். கரண்ட் பில் கட்டாமல் கிடக்கிறதா, பால் பாத்திரம் அடிபிடித்துக் கருகிக் கிடக்கிறதா, வேட்டியை முன்பைவிட இறுக்கிச் சுற்றுகிறாரா, பழகிய கடைக்குப் போகாமல் சாக்குச் சொல்கிறாரா என்று பாருங்கள். எடை குறைவது பெரிய அறிகுறி. கூடவே இருப்பவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. ஆறு மாதம் கழித்து திருப்பூரிலிருந்து வரும் பேத்திதான் "என்ன இப்படி இளைச்சுட்டீங்க" என்று கேட்பாள். அவள் சொன்னால் காது கொடுங்கள்.

"அம்மாவுக்கு ஆதார், ரேசன் எல்லாம் பொள்ளாச்சிப் பக்கம். படுத்திருக்கறது இங்க. யாரு வந்து பாப்பாங்க?"

ஆள் எங்கே படுத்திருக்கிறாரோ அந்தப் பஞ்சாயத்துதான் பார்க்க வேண்டும். கேரளத்தில் 2008-லேயே பாலியேட்டிவ் சிகிச்சைக்கு அரசுக் கொள்கை வந்துவிட்டது. பஞ்சாயத்துதோறும் அரசு சுகாதார நிலையத்தோடு சேர்ந்த நர்ஸ் ஒருவர் வீடு வீடாகப் போகிறார். உங்கள் வார்டின் சுகாதாரப் பணியாளரான ஆஷா பணியாளரிடம் பெயர் கொடுத்தால் போதும். ட்யூப் மாற்றுவது, புண் கட்டுவது, வலிக்கு மருந்து எல்லாம் வீட்டிலேயே நடக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி நிவாரணச் சிகிச்சையும் உண்டு. கிராமத்து துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நான் பார்த்த சிக்கல் இதுதான்: இங்கே இருக்கிறவர்கள் "கார்டு அங்கே இருக்குது" என்று இங்கே கேட்பதில்லை, அங்கே இருப்பவர்கள் "ஆளு இங்கே இல்லை" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு வயசானவர் யாருடைய கணக்கிலும் இல்லாமல் படுத்திருப்பார். அவரை எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு வழி அதிலிருந்துதான் பிறக்கும்.

"பாலியேட்டிவ்னா கேன்சர்காரங்களுக்கு, கடைசி நேரத்துக்குன்னு சொல்றாங்களே? ஊட்டு முன்னாடி அந்த வண்டி நின்னா ஊரு என்ன பேசும்?"

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது புற்றுநோய் வலிதான் முதன்மையாக இருந்தது உண்மை. இப்போது பக்கவாதம், மறதி நோய், முதுமைத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றுக்கும் வருகிறார்கள். நாலைந்து வருஷமாகப் பட்டியலில் இருந்துகொண்டு இப்போதும் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறவர்கள் எங்கள் பஞ்சாயத்திலேயே இருக்கிறார்கள். ஊர் என்ன பேசும் என்று தள்ளிப்போட்டவர்கள் பலர், புண் ஆழமாகிப் போன பிறகு கூப்பிட்டு அழுததையும் பார்த்திருக்கிறேன்.

"பாலக்காட்டு டாக்டர் ஒரு சீட்டு, கோயமுத்தூர் டாக்டர் ஒரு சீட்டு. ரெண்டையும் குடுக்கலாங்களா?"

அப்படியே இரண்டையும் கொடுக்கவே கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் எழுந்து போய் மாத்திரை டப்பாவை எடுத்து வரச்சொல்வேன்.

வண்ணாமடைப் பக்கம் ஒரு வீட்டில் அமுச்சிக்கு (பாட்டிக்கு) எழுந்து நின்றாலே கண்ணைக் கட்டியது. பட்டர் பிஸ்கட் டின்னில் மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று பச்சை அட்டை, ஒன்று வெள்ளி அட்டை. பெயரும் வேறு, கம்பெனியும் வேறு. பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டிலும் அம்லோடிபின். காலையில் மருமகள் கொடுத்தது பாலக்காட்டு அட்டை, ராத்திரி மகன் கொடுத்தது கோயமுத்தூர் அட்டை. பிரஷர் மாத்திரை இரண்டு மடங்காகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருமே பொறுப்பாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். பிராண்ட் பெயர், பொடி எழுத்துப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த டாக்டர், எந்தத் தேதியில் ஆரம்பித்தது. நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் நோட்டையும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் கொண்டுபோய் மேஜையில் கொட்டுங்கள். இரண்டில் எதை நிறுத்துவது என்று டாக்டர் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

"பாத்ரூம்ல வழுக்கி உளுந்துட்டாங்க. தூக்கி உக்கார வெக்கலாமா?"

உடனே தூக்காதீர்கள். பேசச் சொல்லுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தாலோ இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். நகர்த்தாமல் 108 கூப்பிடுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். ஆனால் எல்லையில் டவர் மாறிப் பிடிக்கும். அதனால் முதல் வார்த்தையாக மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து சொல்லுங்கள், அப்புறம் விஷயம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

விழாமல் இருக்க: பாத்ரூமில் சுவரோடு பதித்த கைப்பிடிக் கம்பி, ராத்திரி சிறு விளக்கு, கால்மிதி சாக்கை எடுத்துவிடுவது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்கவிடாமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காரவைப்பது.

"முதுகுல செவப்பாத்தான் இருக்குது. மஞ்சள் போட்டாப் போதுங்களா?"

போதாது. அழுத்திப் பார்த்தாலும் வெளுக்காத சிவப்பு என்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் படி. அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, மஞ்சளோ பவுடரோ அப்பக் கூடாது. அந்த இடத்தில் எடை விழாமல் பார்ப்பதுதான் மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். இடம், வலம் என்று மாற்றி, மணியை நோட்டில் எழுதுங்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம், ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால்கூட உறுத்தும்.

குதிகாலைப் பாருங்கள். எல்லாரும் முதுகைப் பார்ப்பார்கள், குதிகாலை மறந்துவிடுவார்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். வளையம்போல் நடுவில் ஓட்டை உள்ள தலையணை வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

"வயசுப் பென்ஷன் ரெண்டு பக்கமும் வாங்கலாமா? எல்லாரும் வாங்கறாங்க."

வாங்கக் கூடாது. ஆதார் கணக்கில் தெரியவந்தால் இரண்டும் நின்று, வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எந்தப் பக்கம் நிரந்தரமாக இருக்கிறார்களோ அந்தப் பக்கம் மட்டும். கேரளப் பென்ஷன் என்றால் அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் மஸ்டரிங் (உயிரோடு இருப்பதை உறுதிசெய்வது) செய்ய வேண்டும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்து செய்வார்கள். வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வாழ்நாள் சான்றை மொபைலில் முகம் காட்டியே கொடுக்கலாம்.

"நாங்க மூணு பேரு. மாசம் ஒரு ஊடுன்னு வெச்சிருக்கோம். தப்புங்களா?"

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒருத்தர் தலையில் எல்லாம் விழாமல் இருக்கத்தானே செய்கிறீர்கள். ஆனால் பெரியவன் உடுமலையில், நடுவன் கொழிஞ்சாம்பாறையில், சின்னவன் கோயமுத்தூரில் என்றால் என்ன நடக்கிறது? மூன்று டாக்டர், மூன்று சீட்டு. மேலே சொன்ன அம்லோடிபின் கதை அப்படித்தான் ஆரம்பித்தது. எந்தப் பஞ்சாயத்து நர்ஸும் தொடர்ந்து பார்க்க முடியாது. மறதி ஆரம்பித்தவர்களுக்கு வீடு மாறினால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்றே தெரியாது, ராத்திரி தடுமாறி விழுவார்கள்.

ஆளை மாற்றாமல் வேலையை மாற்றுங்கள். அம்மா ஒரே வீட்டில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு வாரம் மற்ற மகனோ மகளோ வந்து தங்கி, வீட்டுக்காரர்களுக்கு ஓய்வு கொடுக்கட்டும். வர முடியாதவர் செலவைப் பார்க்கட்டும். பெரியவர் நடமாட்டத்தோடு, தெளிவோடு இருந்து அவரே ஆசைப்பட்டால் மட்டும் வீடு மாறுவது சரி. அவரைக் கேட்டீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நேத்து வரைக்கும் நல்லாப் பேசுனாங்க. இன்னைக்கு என்னைய யாருன்னு கேக்கறாங்க. மறதி நோயா?"

மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெல்ல வரும். ஒரே நாளில், இரண்டு நாளில் குழப்பம் வந்தால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது, சர்க்கரை தாழ்வது, மலச்சிக்கல், நிமோனியா, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, தலையில் பட்ட அடி என்று ஏதோ ஒன்று அடியில் இருக்கும். வயசானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று யார் சொன்னாலும், வெள்ளை கோட்டுப் போட்டவரே சொன்னாலும், ரத்தம், சிறுநீர் பரிசோதனை கேளுங்கள். என் மாமியாருக்கு ஒரு மருத்துவமனையில் அப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வேறு இடத்தில் சோடியம் பார்த்தார்கள். சரிசெய்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மெல்ல வரும் மறதியிலும் தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவற்றைச் சரிசெய்ய முடியும்.

"மாமனார் நாப்பது வருசம் மலையாளத்துலயே யாவாரம் பண்ணுனவரு. இப்ப ஹோம் நர்ஸ் பேசறது புரியலைங்கறாரு. வேணும்னே பண்றாரா?"

வேண்டுமென்று செய்யவில்லை. மறதி நோயில் பின்னால் கற்றது முன்னால் போகும். தாய்மொழி கடைசி வரை நிற்கும். பாலக்காட்டுச் சித்தூர்ச் சந்தையில் மலையாளத்தில் விலை பேசியவர் இன்றைக்கு "வெள்ளம் வேணோ" என்று கேட்டால் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதென்று பயப்படுகிறார். நான் நேரில் பார்த்தேன். "தண்ணி குடிக்கறீங்களா" என்றதும் டம்ளருக்குக் கை நீட்டினார்.

ஹோம் நர்ஸ் வைக்கும்போது தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் தண்ணி, சோறு, வலி, ஒண்ணுக்கு, தூக்கம், குளிர் என்று இருபது வார்த்தைகளை மலையாள எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். இன்னொன்று: ஹோம் நர்ஸ் என்று வருகிற எல்லாரும் நர்ஸிங் படித்தவர்கள் இல்லை. ஊசி, ட்யூப் வேலையை அவர்களிடம் விடாதீர்கள். அவர்களும் மனிதர்கள்தான். ராத்திரி நாலு தடவை எழுந்தவர்களுக்குப் பகலில் தூங்க நேரம் கொடுங்கள்.

"சாயந்திரமானா 'ஊட்டுக்குப் போகோணும்'னு பையை எடுத்துட்டுக் கெளம்பறாங்க. இதுதான் உங்க ஊடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

சொல்லாதீர்கள். பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் வழக்கம். அவர் தேடுகிற வீடு நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வீடு. அங்கே அவருடைய அம்மா இருக்கிறார். "அந்த ஊடு இடிஞ்சு போச்சு, உங்கம்மா செத்துப் போச்சு" என்று சொன்னால் அவருக்கு அது இன்றைக்கு வந்த சாவுச் செய்தி. ஒவ்வொரு நாளும் புதிதாக அழுவார்.

"போலாம் ஆத்தா, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்று உட்காரவையுங்கள். அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள், கிணறு எந்தப் பக்கம், எத்தனை மாடு. ஐந்து மணிக்கே லைட்டைப் போட்டுவிடுங்கள். மதியம் நீளத் தூங்கவிடாதீர்கள். வெளிக்கதவுக்குக் கண்ணில் படாத உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் இரண்டு மொழியிலும் எழுதிய சீட்டு இருக்கட்டும். பஸ் ஏறினால் எந்த மாநிலத்தில் இறங்குவார் என்று சொல்ல முடியாத ஊர் நம் ஊர்.

"புள்ளைக பயப்படுதுக. தாத்தா ரூமுக்குள்ள உடலாமா?"

விடுங்கள். என்ன நடக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு விடுங்கள்: "அப்புச்சிக்கு மூளைல நோவு, உன் பேரு மறந்துரும், உன் மேல கோவமில்லை." கால் நகம் வெட்டுவது, பேப்பர் படித்துக் காட்டுவது பிள்ளைகளுக்குச் சரியான வேலை. மலம் அள்ளுவதையும் ராத்திரி கண்விழிப்பதையும் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தையிடம் தள்ளும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அது தவறு. அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும்.

"சட்டப்படி மருமகதானே பாக்கோணும்?"

இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதில் பிள்ளைகள் என்று சொல்லியிருப்பது மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. "நான் பொண்ணு, கட்டிக்குடுத்துட்டாங்க" என்று சொல்லும் மகளுக்குக் கடமை உண்டு. பிள்ளை இல்லாதவர் என்றால், அவருடைய சொத்து யாருக்கு வருமோ அந்த வாரிசுக்கு உண்டு. இத்தனை வருஷமாகக் குனிந்து புடவை துவைத்த மருமகள்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம். நம் ஊருக்கு முக்கியமானது: பெரியவர் இருக்கும் மாவட்டத்திலும் கொடுக்கலாம், மகன் இருக்கும் மாவட்டத்திலும் கொடுக்கலாம். அம்மா இங்கே, மகன் பொள்ளாச்சியில் என்றால் பாலக்காட்டிலேயே கொடுத்துவிடலாம், அலைய வேண்டாம். சட்டத்தில் சொல்லியுள்ள உச்சத்தொகை மாதம் 10,000 ரூபாய். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும். வழி கேட்க முதியோர் உதவி எண் 14567.

"தோட்டத்தை மகன் பேர்ல எழுதிக் குடுத்துட்டாரு. இப்ப சோறு போடறதில்லை. திரும்ப வாங்க முடியுமா?"

அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்குத்தான். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், மகன் தனியாக எழுதிக்கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்துப் பார்த்து, தாய் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது.

இனிமேல் எழுதப்போகிறவர்கள் கவனியுங்கள். தமிழ்நாட்டில் செட்டில்மென்ட், இங்கே இஷ்டதானம், தனநிச்சயம், பெயர் எதுவானாலும், உணவு, மருத்துவம், தங்கும் இடம் தர வேண்டும் என்ற வரி பத்திரத்திலேயே இருக்கட்டும். ஆயுள் உள்ளவரை அனுபவ உரிமை உங்களுக்கே என்றும் எழுதுங்கள். "பெத்த புள்ளகிட்ட நிபந்தனையா" என்று கூசுவார்கள். உயில் எழுதினால் இந்தக் கூச்சமே வேண்டாம், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

"எனக்கே முடியலைங்க அக்கா. சில நேரம் செத்துப் போனாத் தேவலைன்னு தோணுது. நான் கெட்டவளா?"

இந்தக் கேள்வியைச் சத்தமாக யாரும் கேட்பதில்லை. வாசல் வரை வழியனுப்ப வந்து, செருப்பு மாட்டும்போது கேட்பார்கள். நீங்கள் கெட்டவள் இல்லை. மாதக் கணக்கில் தூங்காத உடம்பு சொல்வது அது. எனக்கும் தோன்றியிருக்கிறது, மாமியார் இருந்த ஐந்தாம் வருஷம். அன்றைக்கு நான் என் நாத்தனாருக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலைல பஸ் ஏறி வாங்க, நாலு நாள் நான் இருக்க மாட்டேன்" என்று சொன்னேன். வந்தார். முதல் நாள் ராத்திரியே எனக்குப் போன் செய்து, "இத்தனையும் நீ ஒருத்தியாவா பண்ணுன" என்று அழுதார். அதற்குப் பிறகு மாதம் நாலு நாள் தவறாமல் வந்தார்.

கேட்காமல் யாரும் வர மாட்டார்கள். நாள் குறித்துக் கேளுங்கள். செத்துப் போக வேண்டும் என்று உங்களைப் பற்றியே தோன்றினால், அல்லது கை ஓங்கும் அளவுக்குப் போனால், அன்றைக்கே பாலியேட்டிவ் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அவர்கள் நோயாளிக்காக மட்டும் வருகிறவர்கள் இல்லை.

"ஐ.சி.யூ. வேண்டாம், ட்யூப் வேண்டாம்னு அப்பா சொல்றாரு. அண்ணன் வெளிநாட்டுல இருந்து எல்லாம் பண்ணுங்கறான். யார் பேச்சைக் கேக்கறது?"

அப்பாவுடைய பேச்சை. அவர் தெளிவாக இருக்கும்போதே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ கையொப்பமிட்டால் போதும். தன் சார்பில் யார் பேசலாம் என்றும் அதில் எழுதலாம். ஒரு நகல் மருந்து நோட்டோடு இருக்கட்டும். அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு, அப்பா வாயாலேயே சொல்லவையுங்கள். தூரத்தில் இருப்பவரின் குற்ற உணர்ச்சிதான் பல வீடுகளில் ஐ.சி.யூ. பில்லாக மாறுகிறது. அவரும் பாசத்தில்தான் கேட்கிறார், சண்டை போடாதீர்கள்.

"அம்மா இங்க தவறுனாங்க. சுடுகாடு அந்தப் பக்கம். இறப்புச் சான்று எங்க வாங்கறது?"

உயிர் பிரிந்த இடம் எந்தப் பஞ்சாயத்தோ அங்கே. ஆதார் எங்கே, எரித்தது எங்கே என்பது கணக்கில்லை. 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. கேரளச் சான்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். "பழனியம்மாள்" கடைசி எழுத்து விட்டுப்போய் "பழனியம்மா" ஆனதால், பொள்ளாச்சி பேங்கில் அவர் வைத்திருந்த பணத்தை எடுக்க எட்டு மாதம் நடந்த ஒரு மகனை எனக்குத் தெரியும்.